மல்டிகோர் கிளஸ்டரில் எம்பிஐ ப்ராசஸ்களை எந்தக் கோரில் உட்கார வைப்பது?

கேள்வி சுருக்கமாக: நான்கு நோடு (கிளஸ்டரில் உள்ள தனிக் கணினிகள்), ஒவ்வொன்றிலும் இரண்டு சாக்கெட் (ப்ராசஸர் சில்லு பொருந்தும் இடம்), சாக்கெட்டுக்கு 32 கோர் (சில்லுக்குள் உள்ள கணக்கிடும் அலகு). ஒரே எம்பிஐ நிரலை (பல ப்ராசஸ்கள் செய்தி பரிமாறி இணைந்து கணக்கிடும் நிரல்) அதே உள்ளீட்டோடு ஓட்டினாலும் ஒவ்வொரு முறையும் நேரம் மாறுகிறது. ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளும் வேலையைப் பிரித்து இணையாக ஓடும் ஓபன்எம்பி த்ரெட்களைச் சேர்த்துப் பார்த்தால் வேகம் கூடவில்லை, குறைந்தேவிட்டது. ப்ராசஸ்கள் எங்கே ஓட வேண்டும் என்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்:

நிரலில் கைவைக்கும் முன், ப்ராசஸ்கள் இப்போது எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் இடம் ஒதுக்கலில் கோளாறு இருக்கும்போது அப்படியே வெளிப்படுபவை. நேரம் மாறிக்கொண்டே இருந்தால் ப்ராசஸ்கள் பிணைக்கப்படாமல் அலைகின்றன என்று சந்தேகிக்கலாம். த்ரெட் சேர்த்ததும் மெதுவானால், ஒரு ப்ராசஸின் எல்லா த்ரெட்டும் ஒரே கோருக்குள் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இடம் ஒதுக்குவது என்று மொத்தமாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனி முடிவுகள் இருக்கின்றன. எந்த நோடில், எந்தச் சாக்கெட்டில் எத்தனை ப்ராசஸ் என்பது முதல் முடிவு. இதை மேப்பிங் என்கிறோம். அந்த இடங்களில் எந்த ரேங்க் எண் (ஒவ்வொரு எம்பிஐ ப்ராசஸுக்கும் உள்ள வரிசை எண்; அந்த ப்ராசஸையும் ரேங்க் என்பார்கள்) எங்கே உட்காரும் என்பது இரண்டாவது. உட்கார்ந்த ப்ராசஸை எந்தக் கோர்களுக்குள் கெர்னல் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது மூன்றாவது, அதுதான் பைண்டிங். குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வருகின்றன. மேப்பிங் சரியாக இருந்து பைண்டிங் இல்லாமல் போகலாம். இரண்டும் சரியாக இருந்து ரேங்க் வரிசை தவறாக இருந்தால் நெட்வொர்க் தேவையில்லாமல் நிரம்பி வழியும்.

பிணைக்காவிட்டால் என்ன ஆகும்? லினக்ஸ் ஷெட்யூலர் சுமையைச் சமப்படுத்துவதற்காக ப்ராசஸ்களைக் கோர் விட்டுக் கோர் நகர்த்தும். நகர்ந்த ப்ராசஸ் தன் எல்1, எல்2 கேஷில் (கோரை ஒட்டியுள்ள சிறிய, வேகமான மெமரி) சேர்த்து வைத்திருந்த தரவை இழக்கிறது. ஆனால் அது சில மைக்ரோ விநாடி, மிஞ்சினால் மில்லி விநாடியில் ஈடாகிவிடும் இழப்பு. பெரிய இழப்பு சாக்கெட் மாறும்போது வருகிறது. லினக்ஸில் ஒரு மெமரி பக்கம் அதை முதலில் தொட்ட கோரின் நூமா பகுதியில் (சில கோர்களும் அவற்றுக்கு அருகில் உள்ள மெமரியும் சேர்ந்தது) இடம் பெறும். மெமரியைக் கேட்டு வாங்கும் நேரத்தில் இது தீர்மானமாவதில்லை, முதல்முறை எழுதும்போதுதான் தீர்மானமாகிறது. ப்ராசஸ் அடுத்த சாக்கெட்டுக்குப் போனாலும் பக்கங்கள் பழைய இடத்திலேயே தங்கிவிடும். அதன்பிறகு ஒவ்வொரு படிப்பும் சாக்கெட்டுகளுக்கு இடையிலான இணைப்பைக் கடந்து வர வேண்டியதாகிறது. இந்த நகர்வு ஓட்டத்துக்கு ஓட்டம் வேறுபடுவதால் நேரமும் வேறுபடுகிறது.

முதலில் இயந்திரத்தின் வரைபடத்தை எடுங்கள். ஹெச்டபிள்யூலாக் தொகுப்பில் உள்ள எல்எஸ்டோப்போ கட்டளை சாக்கெட், நூமா பகுதி, எல்3 கேஷ், கோர், ஹைப்பர்த்ரெட் (ஒரே கோர் இரண்டு சிபியூவாகத் தெரியும் வசதி) எல்லாவற்றையும் ஒரே படமாகக் காட்டும். நீங்கள் உள்நுழையும் லாகின் நோடில் ஓட்டாதீர்கள், வேலை ஓடப்போகும் கம்ப்யூட் நோடில் ஓட்டுங்கள். இரண்டும் வேறு வன்பொருளாக இருப்பது சகஜம். கூடவே "நூமாசிடிஎல் --ஹார்ட்வேர்" கொடுத்தால் ஒவ்வொரு நூமா பகுதியிலும் எவ்வளவு மெமரி இருக்கிறது, பகுதிகளுக்கிடையே தூரம் எவ்வளவு என்று தெரியும். அங்கே 10 என்று இருந்தால் சொந்த மெமரி. 20, 21, 32 போன்ற எண்கள் தொலைவில் உள்ளவை. இவை ஃபர்ம்வேர் சொல்லும் ஒப்பீட்டு எண்கள்தான், அளந்து பெற்ற தாமதம் அல்ல.

சாக்கெட் என்பதோடு நின்றுவிடாமல் எல்3 கேஷ் வரை பாருங்கள். 2019-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஏஎம்டி எபிக் சில்லில் நான்கு கோர்கள் சேர்ந்து 16 எம்பி எல்3-ஐப் பகிர்கின்றன. 2021-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் எட்டுக் கோர்கள் சேர்ந்து 32 எம்பியைப் பகிர்கின்றன. ஒரே சாக்கெட்டுக்குள்ளேயே இத்தனை தீவுகள். மேலும் எபிக்கில் பயாஸ் அமைப்பு ஒன்றின்படி ஒரு சாக்கெட் ஒன்று, இரண்டு அல்லது நான்கு நூமா பகுதிகளாகத் தெரியலாம். இன்டெல் சில்லுகளிலும் சாக்கெட்டைத் துணைப் பகுதிகளாகப் பிரிக்கும் அமைப்பு உண்டு. ஆக, இரண்டு சாக்கெட் என்றால் இரண்டு நூமா பகுதிதான் என்று எண்ணிவிட முடியாது.

அடுத்தது சிபியூ எண்கள். 0, 1 என்று அடுத்தடுத்த எண்கள் பக்கத்துப் பக்கத்துக் கோர்கள்தான் என்று நம்பாதீர்கள். சில சர்வர்களில் இரட்டைப்படை எண்கள் எல்லாம் ஒரு சாக்கெட்டிலும் ஒற்றைப்படை எண்கள் மறு சாக்கெட்டிலும் இருக்கும். ஹைப்பர்த்ரெடிங் இயங்கும் 64 கோர் நோடில் 0 முதல் 63 வரை கோர்களின் முதல் த்ரெட், 64 முதல் 127 வரை அதே கோர்களின் இரண்டாவது த்ரெட் என்ற அமைப்பு பரவலாகக் காணப்படுவது. அங்கே 0-ஐயும் 64-ஐயும் இரண்டு ப்ராசஸ்களுக்குக் கொடுத்தால், 63 கோர்கள் சும்மா கிடக்க, இரண்டும் ஒரே கோரில் முட்டிக்கொள்ளும். இதனால்தான் எண்களை நேரடியாக எழுதாமல் கோர், எல்3, நூமா, சாக்கெட் என்று வன்பொருள் பெயர்களைக் கொண்டே கேளுங்கள் என்று வற்புறுத்துகிறேன். எண்ணை எழுதிய ஸ்கிரிப்ட் அடுத்த வகை நோடுக்குப் போனதும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தவறாக ஓடும்.

இனி கட்டளைகள். ஓபன் எம்பிஐ என்ற எம்பிஐ நூலகத்தில் (ஓபன்எம்பி வேறு), நிரலைத் தொடங்கும் எம்பிஐரன் கட்டளைக்கு மூன்று முடிவுகளுக்கும் தனித்தனி விருப்பங்கள் உள்ளன: --மேப்-பை, --ரேங்க்-பை, --பைண்ட்-டு. நான்காவதாக --ரிப்போர்ட்-பைண்டிங்ஸ். இந்த நான்காவதை எப்போதும் சேர்த்தே ஓட்டுங்கள். ஒவ்வொரு ரேங்க்கும் எந்தக் கோர்களோடு பிணைக்கப்பட்டது என்று தொடக்கத்திலேயே அச்சிட்டுவிடும். செலவு எதுவும் இல்லை. 1.8 வரிசையிலிருந்து ஓபன் எம்பிஐ எதுவும் சொல்லாவிட்டாலும் தானே பிணைக்கிறது. இரண்டு ப்ராசஸ் வரை என்றால் ஒவ்வொன்றையும் ஒரு கோரோடு பிணைக்கும். அதற்கு மேல் போனால் வெளியீட்டைப் பொறுத்துச் சாக்கெட்டோடு அல்லது நூமா பகுதியோடு பிணைக்கும். சிறிய சோதனையாக இரண்டு ப்ராசஸ் ஓட்டிப் பார்ப்பவர் ஒரு நடத்தையைக் காண்கிறார், முழு ஓட்டத்தில் வேறொன்று நடக்கிறது. இதை நினைவில் வையுங்கள்.

த்ரெட் இல்லாத எம்பிஐ நிரலுக்கு, நோடில் கோருக்கு ஒரு ரேங்க் என்றால் "--மேப்-பை கோர் --பைண்ட்-டு கோர்" போதும். த்ரெட் கலந்த நிரலுக்கு ஒரு ரேங்க்குக்கு எத்தனை கோர் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் நோடில் எட்டு ரேங்க், ரேங்க்குக்கு எட்டு த்ரெட் என்றால் "--மேப்-பை பிபிஆர்:4:சாக்கெட்:பிஇ=8 --பைண்ட்-டு கோர்" என்று எழுதுங்கள். சாக்கெட்டுக்கு நான்கு ரேங்க், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கோர் என்று பொருள். 5 வரிசையில் சாக்கெட் என்ற சொல்லுக்குப் பதில் பேக்கேஜ் என்று எழுதுவார்கள். எட்டுக் கோர் சேர்ந்து எல்3-ஐப் பகிரும் சில்லில் இது மிகப் பொருத்தமான பிரிப்பு, ஏனென்றால் ஒரு ரேங்க்கின் எட்டு த்ரெட்டும் ஒரே எல்3-க்குள் அடங்கிவிடும். அங்கே ரேங்க்குக்குப் பன்னிரண்டு த்ரெட் என்று எடுத்தால் ஒவ்வொரு ரேங்க்கும் இரண்டு எல்3 தீவுகளில் கால் வைத்து நிற்கும்.

கோர்களை விட அதிக ப்ராசஸ்களைப் பிணைக்கச் சொன்னால் ஓபன் எம்பிஐ மறுத்து நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தியைக் கண்டதும் அதிகச் சுமையை அனுமதிக்கும் விருப்பத்தைச் சேர்த்துத் தாண்டிவிடாதீர்கள். பெரும்பாலும் கிளஸ்டரில் வேலைகளுக்கு இடம் ஒதுக்கும் ஷெட்யூலரிடம் நீங்கள் கேட்ட கோர்கள் குறைவு என்பதையே அது சொல்கிறது. எம்பிஐ நூலகங்கள் செய்திக்குக் காத்திருக்கும்போது தூங்குவதில்லை, கோரை முழுதாக எரித்தபடி சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு ரேங்க் ஒரே கோரில் இருந்தால், காத்திருப்பவர் கணக்கிடுபவரின் நேரத்தைத் தின்பார். வேகம் பாதியாவதோடு நிற்காது, பல மடங்கு கீழே போய்விடும்.

இன்டெல் எம்பிஐயில் பிணைப்பு இயல்பாகவே இயங்கும். ஐ_எம்பிஐ_பின்_டொமைன் என்ற சூழல் மாறியில் ஓஎம்பி என்று கொடுத்தால், ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் எவ்வளவோ அந்த அளவுக்கு ஒவ்வொரு ரேங்க்குக்கும் இடம் கிடைக்கும். ஐ_எம்பிஐ_டீபக் மதிப்பை 4 அல்லது அதற்கு மேல் வைத்தால் பிணைப்பு அட்டவணை அச்சாகும். எம்பிஐசிஎச் நூலகத்தின் ப்ராசஸ்களைத் தொடங்கும் ஹைட்ராவில் -பைண்ட்-டு, -மேப்-பை விருப்பங்களும், பார்ப்பதற்கு ஹைட்ரா_டோப்போ_டீபக் மாறியும் உள்ளன. எம்வாபிச்2 என்ற நூலகத்தில் பிணைப்பு இயல்பாகவே இயங்குவதால் த்ரெட் கலந்த நிரல்களில் தொல்லை தரும்: எம்வி2_சிபியூ_பைண்டிங்_பாலிசி ஹைப்ரிட் என்று அமைக்காமல் விட்டால் ஒரு ரேங்க்கின் எல்லா த்ரெட்களும் ஒரே கோரில் அடைபடக்கூடும். எம்வி2_ஷோ_சிபியூ_பைண்டிங் மதிப்பை 1 ஆக்கிப் பாருங்கள்.

ஸ்லர்ம் என்ற கிளஸ்டர் ஷெட்யூலரில், நிரலைத் தொடங்கும் அதன் எஸ்ரன் கட்டளை வழியாகத் தொடங்கினால் பிணைப்பை எஸ்ரனே செய்யும். "எஸ்ரன் --என்டாஸ்க்ஸ்-பெர்-நோட்=8 --சிபியூஸ்-பெர்-டாஸ்க்=8 --சிபியூ-பைண்ட்=வெர்போஸ்,கோர்ஸ்" என்பது நல்ல தொடக்கம். இங்கே கவனிக்க மூன்று விஷயம்.

ஒன்று, 22.05 வெளியீட்டில், வேலை ஸ்கிரிப்டைச் சமர்ப்பிக்கும் எஸ்பேட்ச் வரியில் சொன்ன --சிபியூஸ்-பெர்-டாஸ்க் மதிப்பை எஸ்ரன் தானாக எடுத்துக்கொள்வது நிறுத்தப்பட்டது. அதனால் ஸ்கிரிப்டின் தலையில் 8 என்று எழுதியிருந்தும் ரேங்க்குக்கு ஒரே கோர் கிடைத்து, எட்டு த்ரெட்டும் அதில் நசுங்கும். எந்த வெளியீடாக இருந்தாலும் எஸ்ரன் வரியில் மீண்டும் எழுதிவிடுங்கள், அல்லது எஸ்ரன்_சிபியூஸ்_பெர்_டாஸ்க் மாறியை அமையுங்கள். உங்கள் த்ரெட் கேள்விக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இரண்டு, ஹைப்பர்த்ரெடிங் இயங்கும் நோடில் ஸ்லர்ம் எண்ணும் சிபியூ பொதுவாக ஹைப்பர்த்ரெட்தான். 8 கேட்டால் நான்கு கோர்தான் வரும். கோர் கணக்கில் வேண்டுமானால் --ஹின்ட்=நோமல்டித்ரெட் அல்லது --த்ரெட்ஸ்-பெர்-கோர்=1 சேருங்கள். புதிய வெளியீடுகளில் --ஹின்ட் விருப்பமும் கோர்ஸ் என்று சொல்லும் --சிபியூ-பைண்ட் விருப்பமும் ஒன்றாகப் போகாது. அப்போது இரண்டாவது வழியை எடுங்கள்.

மூன்று, --டிஸ்ட்ரிபியூஷன் சொல்லாவிட்டால் ரேங்க்குகள் நோடு வாரியாக அடுத்தடுத்தும், நோடுக்குள் சாக்கெட் மாற்றி மாற்றியும் போகும்: ரேங்க் 0 முதல் சாக்கெட், ரேங்க் 1 இரண்டாம் சாக்கெட், இப்படி. அடுத்தடுத்த ரேங்க்குகள் அதிகம் பேசிக்கொள்ளும் நிரலுக்கு பிளாக்:பிளாக் நல்லது.

எம்பிஐரன், எஸ்ரன் இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும், பிணைப்புக்கு ஒருவரே பொறுப்பாக இருக்கட்டும். எஸ்ரன் பிணைத்தால் எம்வி2_எனேபிள்_அஃபினிட்டி 0, ஐ_எம்பிஐ_பின் 0 என்று நூலகத்தின் சொந்தப் பிணைப்பை அணைத்துவிடுங்கள். இரண்டும் இயங்கினால் கடைசியாகப் பிணைத்தவர் வெல்வார், விளைவு யாரும் எண்ணிப்பார்த்ததாக இருக்காது.

ரேங்க்கைப் பிணைத்தது பாதி வேலைதான். ரேங்க்குக்குள் த்ரெட்களைப் பிணைப்பது ஓபன்எம்பியின் பொறுப்பு. ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ்=8, ஓஎம்பி_ப்ளேசஸ்=கோர்ஸ், ஓஎம்பி_ப்ராக்_பைண்ட்=க்ளோஸ் என்று மூன்றையும் கொடுங்கள். ஓபன்எம்பி 5.0 ஆதரிக்கும் கம்பைலராக இருந்தால் ஓஎம்பி_டிஸ்ப்ளே_அஃபினிட்டி=ட்ரூ சேர்த்தால் ஒவ்வொரு த்ரெட்டின் இடமும் அச்சாகும். த்ரெட் எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவதும் ஆபத்து. ரேங்க் 32 கோர் சாக்கெட்டோடு பிணைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு ரேங்க்கும் தனக்குத் தெரியும் 32 கோர்களுக்கும் ஒரு த்ரெட் கிளப்பும். சாக்கெட்டில் நான்கு ரேங்க் என்றால் 32 கோரில் 128 த்ரெட். த்ரெட்டே இல்லை என்று நீங்கள் நினைக்கும் நிரல்கூட உள்ளே ஒரு கணித நூலகத்தை அழைத்தால் இதில் சிக்கும். அங்கே ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ்=1 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பிணைப்பு எல்லாம் சரியாக இருந்தும் த்ரெட்களோடு வேகம் கூடவில்லை என்றால் முதல் தொடுகையைப் பாருங்கள். பெரிய அணியை மாஸ்டர் த்ரெட் ஒன்றே சுழலில் பூஜ்யமாக்கினால் அத்தனை பக்கங்களும் அந்த ஒரு த்ரெட்டின் நூமா பகுதியில் போய் அமரும். பிறகு மற்ற பகுதிகளின் த்ரெட்களும் அங்கேயே வந்து வரிசையில் நிற்கும். தீர்வு, தொடக்க மதிப்பிடும் சுழலையும் இணையாக்குவது. கணக்கிடும் சுழலில் உள்ள அதே ஸ்டாடிக் பங்கீட்டில். நிரலை மாற்ற முடியாவிட்டால் ஒரு ரேங்க் ஒரு நூமா பகுதிக்குள் அடங்கும்படி ரேங்க்குகளைக் கூட்டி த்ரெட்களைக் குறையுங்கள், சிக்கல் மறைந்துவிடும். அதுவும் முடியாதபோது "நூமாசிடிஎல் --இன்டர்லீவ்=ஆல்" பக்கங்களை எல்லாப் பகுதிகளுக்கும் பரப்பும். சிறந்த வேகம் வராது, மோசமான வேகம் தவிர்க்கப்படும்.

பக்கங்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று "நூமாஸ்டாட் -பி" கொடுத்து ப்ராசஸ் எண்ணைச் சேர்த்தால் தெரியும். சரியாகப் பிணைத்த ப்ராசஸின் பக்கங்கள் தொலைவில் இருந்தால், முந்தைய வேலை விட்டுச்சென்ற கோப்புக் கேஷ் அந்தப் பகுதியின் மெமரியை அடைத்திருக்கலாம். நிரம்பிய பகுதியில் இடமில்லாமல் கெர்னல் அடுத்த பகுதியிலிருந்து கொடுத்துவிடுகிறது. ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் மாறுவதற்கு, பிணைப்புக்கு அடுத்தபடியாக நான் தேடும் காரணம் இது.

ரேங்க் வரிசை எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு உங்கள் 256 கோரையே எடுத்துக்கொள்வோம். 16க்கு 16 கட்டமாக ரேங்க்குகள், வரிசை வாரியாக எண்ணிட்டு, ஒவ்வொன்றும் நான்கு பக்கத்து அண்டையோடு எல்லைத் தரவைப் பரிமாறுகிறது, ஓரத்தில் உள்ளவை எதிர் ஓரத்தோடு இணையாது. ரேங்க்குகளை நோடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சுற்றிக் கொடுத்தால், கிடைமட்ட அண்டை எப்போதுமே வேறு நோடில் இருக்கும்: 16 வரிசை, வரிசைக்கு 15 இணைப்பு, மொத்தம் 240 இணைப்புகள் நெட்வொர்க்கைக் கடக்கும். முதல் 64 முதல் நோடுக்கு, அடுத்த 64 அடுத்ததற்கு என்று நிரப்பினால் ஒவ்வொரு நோடும் நான்கு வரிசைகள் கொண்ட பட்டையாகும். கடப்பவை மூன்று எல்லைகளில் 16 வீதம் 48 மட்டுமே. நோடுக்கு 8க்கு 8 சதுரம் என்று அமைத்தால் 32 ஆகக் குறையும். நிரலில் ஒரு வரி மாறாமல் 240-லிருந்து 48 வருவது மேப்பிங் விருப்பம் ஒன்றினால். 32-க்குப் போக, எந்த ரேங்க் எங்கே என்று பட்டியலிடும் ரேங்க்ஃபைல் எழுத வேண்டும், அல்லது நிரலுக்குள் எம்பிஐ 3.0-இல் வந்த எம்பிஐ_காம்_ஸ்ப்ளிட்_டைப் கொண்டு ஒரே நோடில் உள்ளவர்களைக் கண்டறிந்து கட்டத்தை நீங்களே அமைக்க வேண்டும். எம்பிஐ_கார்ட்_கிரியேட் அழைப்பில் மறுவரிசையை அனுமதித்தால் நூலகமே செய்துவிடும் என்று தரநிலை இடம் கொடுக்கிறது, ஆனால் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம்பி விடாதீர்கள், சோதியுங்கள்.

நெருக்கி வைப்பதே எப்போதும் நல்லது என்றும் இல்லை. மெமரி அலைவரிசையால் கட்டுப்படும் நிரலை நோடுக்கு 16 ரேங்க் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால், அடுத்தடுத்த கோர்களில் நிரப்பினால் ஒரு சாக்கெட்டின் மெமரி சேனல்கள் திணறும், மறு சாக்கெட் சும்மா இருக்கும். அங்கே நூமா வாரியாக அல்லது எல்3 வாரியாகப் பரப்புங்கள். பாதிக் கோர்களில் ஓட்டும்போது முழு நோடுக்குச் சமமான வேகம் கிடைக்கும் நிரல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஜிபியூ இருந்தால் ரேங்க்கை அந்த ஜிபியூ தொங்கும் நூமா பகுதியிலேயே வையுங்கள்; "என்விடியா-எஸ்எம்ஐ டோப்போ -எம்" அதைக் காட்டும்.

இன்னொரு பழைய பொறி: ஒரே நோடில் இரண்டு எம்பிஐரன். இரண்டும் ஒன்றை ஒன்று அறியாது, இரண்டும் கோர் 0-இலிருந்து பிணைக்கத் தொடங்கும். பாதி நோடு காலியாக இருக்க இரு வேலைகளும் ஒரே கோர்களில் அடித்துக்கொள்ளும். ஷெட்யூலர், கெர்னலின் சிகுரூப் வசதி வழியாகக் கோர்களைப் பிரித்துக் கொடுக்கும் கிளஸ்டரில் தனித்தனி வேலைகளுக்கு இது நேராது, ஆனால் ஒரே வேலைக்குள் பின்னணியில் பல எம்பிஐரன் கிளப்பினால் அங்கும் நேரும். எஸ்ரனில் ஒவ்வொரு படிக்கும் --எக்ஸாக்ட் கொடுத்துப் பிரியுங்கள்.

உறுதி செய்வதற்கு நூலகத்தின் அறிக்கையை மட்டும் நம்பாமல் கெர்னலையே கேளுங்கள். நிரலை வைத்த இடத்தில், அதே எஸ்ரன் வரியில் "கிரெப் சிபியூஸ்_அலவ்ட்_லிஸ்ட் /ப்ராக்/செல்ஃப்/ஸ்டேட்டஸ்" ஓட்டினால் ஒவ்வொரு ரேங்க்கும் தனக்கு அனுமதிக்கப்பட்ட கோர்களை அச்சிடும். எட்டு எட்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று மேற்படாமல் வர வேண்டும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது நோடுக்குள் நுழைந்து "பிஎஸ் -இஎல்ஓ பிஐடி,டிஐடி,பிஎஸ்ஆர்,காம்" கொடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டும் இந்தக் கணம் எந்தச் சிபியூவில் இருக்கிறது என்று தெரியும். சில விநாடி விட்டு மறுபடி ஓட்டுங்கள். எண்கள் மாறினால் த்ரெட்கள் பிணைபடவில்லை.

உங்கள் நோடுகளில் நான் ஓட்டிப் பார்க்கச் சொல்வது மூன்று வடிவங்கள்: நோடுக்கு 64 ரேங்க் ஒற்றை த்ரெட், 16 ரேங்க் நான்கு த்ரெட், 8 ரேங்க் எட்டு த்ரெட். மூன்றுக்கும் பிணைப்பைச் சரிபார்த்த பிறகு ஒவ்வொன்றையும் குறைந்தது ஐந்து முறை ஓட்டி, சராசரியோடு மிகக் குறைந்த, மிக அதிக நேரங்களையும் எழுதி வையுங்கள். பிணைப்பு சரியான பின்னும் அந்த இடைவெளி பெரிதாகவே இருந்தால் காரணத்தை நோடுக்கு வெளியே, மற்றவர்களும் பகிரும் நெட்வொர்க்கிலும் கோப்பு முறைமையிலும் தேடத் தொடங்கலாம்.